ஆள் அனுப்பவில்லை, தாமே வந்தார்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற மூன்று நாள் தியானத்தில், இரண்டாம் நாள் மாலை பங்குக் குரு ஆற்றிய உரை)



நேற்று மாலை நாம் இறைவார்த்தையைப் பற்றித் தியானித்தோம். இன்று எடுத்துக்கொள்வது விசுவாசப் பிரமாணம். ஞாயிறுதோறும் மறையுரை முடிந்ததும் எழுந்து நின்று அதைச் சொல்லுகிறோம். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. இடுப்பில் இருக்கும் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டும், காணிக்கைக்குச் சில்லறை தேடிக்கொண்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். மனப்பாடமான செபத்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. வாய்க்குப் பழகிய பிறகு மனத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது.

ஆனால் அந்தப் பிரமாணத்தில் உள்ள ஒரு சொல்லுக்காக ஆயர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். குடும்பங்களும் நகரங்களும் பிளவுபட்டன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் திருச்சபை அலைகடலில் அகப்பட்ட படகுபோல் தத்தளித்தது. இயேசு கிறிஸ்து தந்தையோடு ‘ஒரே பொருளானவர்’ என்பதே அந்தச் சொல். அதைத் தீர்மானித்த நீசேயாப் பொதுச்சங்கம் கூடியது 325-ஆம் ஆண்டில். 2025-ஆம் ஆண்டில் அதன் 1700-ஆம் ஆண்டு நிறைவைக் கிறிஸ்தவ உலகம் கொண்டாடியது. அவ்வாண்டு நவம்பர் 28-ஆம் நாள் திருத்தந்தை 14-ஆம் லியோ அந்த ஊருக்கே சென்று, கான்ஸ்டாண்டிநோபிள் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயு முதலான சபைத் தலைவர்களோடு சேர்ந்து செபித்தார். இன்று அது துருக்கி நாட்டில் ஓர் ஏரிக்கரையில் உள்ள இஸ்னிக் என்னும் சிற்றூர்.

எங்கோ துருக்கியில் என்றோ நடந்த விவாதம் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிள்ளைகளின் படிப்பும், மகளின் திருமணமும், வீட்டுக் கடனும் நம் கண்முன் நிற்கும்போது, ‘பொருள்’ என்ற ஒரு சொல்லைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? இந்த உரை முழுவதும் அதற்கான பதிலே.

ஒரு குருவானவர் எழுப்பிய கேள்வி

எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா அந்நாளில் பெரிய துறைமுகப் பட்டினம். அங்கே பௌகாலிஸ் என்ற கோயிலின் பொறுப்பில் ஆரியுஸ் என்னும் குருவானவர் இருந்தார். துறவொழுக்கம் உள்ளவர், நாவன்மை படைத்தவர், மக்களின் மதிப்பைப் பெற்றவர். அவர் வேண்டுமென்றே விசுவாசத்தைக் கெடுக்கப் புறப்பட்டார் என்று நாம் நினைக்கத் தேவையில்லை. கடவுள் ஒருவரே என்பதைக் காப்பாற்ற அவர் விரும்பினார். கடவுள் ஒருவரே என்றால் மகனாகிய இயேசு யார்? அவர் கடவுளின் முதல் படைப்பு. படைப்புகளிலெல்லாம் உயர்ந்தவர், தூதர்களுக்கும் மேலானவர். ஆயினும் தொடக்கம் உள்ளவர், கடவுளுக்கு ஒரு படி தாழ்ந்தவர். இதுவே ஆரியுஸ் கண்ட விடை.

விடை எளிதாக இருந்தது. ஆகவே வேகமாகப் பரவியது. கப்பலோட்டிகளும், மாவு அரைப்போரும், வழிநடப்போரும் பாடுவதற்கு ஏற்றபடி அவர் தம் கொள்கையைப் பாட்டாக்கிக் கொடுத்தார் என்று பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பாட்டில் ஏறிய கொள்கை எவ்வளவு சுருக்கில் ஊரெல்லாம் போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரியாததா?

அலெக்சாந்திரியாவின் ஆயர் அலெக்சாண்டர் இதை மறுத்தார். சண்டை கடல் கடந்து பரவியது. அரசன் கான்ஸ்டாண்டைன் ஆயர்களை நீசேயாவுக்கு அழைத்தான். ஏறத்தாழ முந்நூறு ஆயர்கள் வந்தார்கள். மரபு 318 பேர் என்று கணக்குச் சொல்லும். திருத்தந்தை சில்வெஸ்தர் தம் சார்பாக இரு குருக்களை அனுப்பினார். வந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள்? 303-ஆம் ஆண்டில் தொடங்கிய கொடிய கலாபனையைத் தாண்டி வந்தவர்கள் அவர்களுள் பலர். எகிப்து நாட்டு ஆயர் பப்னூசியுஸ் ஒரு கண்ணைப் பறிகொடுத்தவர். நெயோசெசரேயாவின் ஆயர் பவுலுடைய கைகள் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கருகிப் போனவை. விசுவாசத்துக்காக உடலைக் கொடுத்தவர்கள் வீண் சொற்போருக்காக வந்து கூடியிருக்க மாட்டார்கள் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

பானையும் பிள்ளையும்

சங்கத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. இயேசு இறைமகன் என்று வேதாகமம் சொல்லுகிறது. ஆரியுஸின் பக்கத்தாரும் ‘ஆம், இறைமகன்’ என்றார்கள். கடவுளிடமிருந்து வந்தவர் என்றால், அதற்கும் ஆம். எந்த வேதவாக்கியத்தை எடுத்துக் காட்டினாலும் அதை ஏற்றுக்கொண்டு, உள்ளே தங்கள் பொருளை வைத்துக்கொண்டார்கள். ஆகவே, தப்பித்துக்கொள்ள இடம் தராத ஒரு சொல் தேவைப்பட்டது. கிரேக்க மொழியில் ‘ஹோமோஊசியோஸ்’ என்ற சொல்லைச் சங்கம் தேர்ந்துகொண்டது. அதையே நாம் தமிழில் ‘ஒரே பொருளானவர்’ என்கிறோம். கையால் தொட்டு எடுக்கும் சாமான் என்ற கருத்தில் இங்கே பொருள் என்று சொல்லவில்லை. தந்தை எதுவாக இருக்கிறாரோ அதுவாகவே மகனும் இருக்கிறார், ஒரே தெய்வீக இயல்பு, ஒரே கடவுள் என்பதே கருத்து.

இதைச் சிறுவர்களுக்கும் விளங்கும்படி சொல்லலாம். குயவர் பானையைச் செய்கிறார், பிள்ளையைப் பெறுகிறார். பானை எவ்வளவு அழகாக இருந்தாலும் குயவரின் இனம் அன்று. ஆனால் பிறந்த பிள்ளை, கறுப்போ சிவப்போ, நொண்டியோ குருடோ, குயவரைப் போலவே ஒரு மனிதப் பிறவி. செய்யப்பட்டது வேறு, பிறந்தது வேறு. உலகமும் வானதூதரும் நாமும் கடவுளால் உண்டாக்கப்பட்டவர்கள். மகனோ தந்தையிடமிருந்து உதித்தவர்.

அப்படியானால் தந்தை மூத்தவர், மகன் இளையவர் அல்லவா என்று ஒரு கேள்வி எழும். நம் வீடுகளில் அப்படித்தான். கடவுளிடத்தில் காலம் என்பது இல்லை. விளக்கைப் பாருங்கள். சுடர் தோன்றிய கணமே ஒளியும் தோன்றுகிறது. சுடர் இருந்து ஒளி இல்லாத நேரம் ஒன்று உண்டோ? ஒளி சுடரிலிருந்து வருகிறது. ஆயினும் சுடருக்குப் பிந்தியதன்று. தந்தை என்றும் தந்தையாக இருப்பதால் மகனும் என்றும் இருக்கிறார்.

உவமைகள் எல்லாம் ஓர் எல்லை வரைதான் கூட வரும். தமதிரித்துவ மறைபொருளை நாம் முழுதும் அளந்துவிட முடியாது. ஆனால் இரண்டு பள்ளங்களில் விழாமல் நடக்கலாம். மூன்று கடவுளர் இல்லை. அது ஒரு பள்ளம். ஒரே ஆள் மூன்று பெயர் வைத்துக்கொண்டு மூன்று வேலை செய்கிறார் என்பதும் இல்லை. அது மற்றொரு பள்ளம். தந்தை மகன் அல்லர். மகன் தூய ஆவி அல்லர். மூவரும் ஒரே கடவுள். கடவுள் அன்பாக இருக்கிறார் என்று புனித யோவான் எழுதினாரே, அதன் ஆழம் இங்கே தெரிகிறது. உலகம் உண்டாகுமுன், நேசிக்க வேறு எவரும் இல்லாத அந்த முடிவிலாக் காலத்திலும், கடவுள் தமக்குள்ளே அன்பாகவே இருந்தார். தனிமை தாளாமல் அவர் நம்மைப் படைக்கவில்லை. நிறைந்து வழிந்ததால் படைத்தார்.

சரியான சொல்லைத் தேடும் இந்தப் பாடு நம் நாட்டுத் திருச்சபைக்கும் இருந்தது. 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், தமிழறிந்தோரின் துணையோடு விசுவாசப் பிரமாணத்தைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து மக்களுக்குக் கற்பித்தார். 1578-இல் அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட தமிழ் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ ஒரு ஞானோபதேசப் புத்தகமே. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி, கடவுளைக் குறிக்கச் ‘சருவேசுரன்’ என்ற சொல்லை எடுத்தாண்டார். நம் பாட்டிமார் சொன்ன ‘இஸ்பிரீத்து சாந்து’ பின்னர் ‘பரிசுத்த ஆவி’ ஆயிற்று; இன்று ‘தூய ஆவி’ என்கிறோம். சொற்கள் மாறின, விசுவாசம் மாறவில்லை. தங்கள் பிள்ளைகள் தப்பான கடவுளை வணங்கிவிடக் கூடாதே என்ற கவலையே நம் முன்னோரைச் சொல் தேட வைத்தது.

கிணற்றில் விழுந்தவன்

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். மகன் கடவுளா, கடவுளுக்கு ஒரு படி தாழ்ந்தவரா என்பதால் நம் மீட்புக்கு என்ன வந்தது?

நீசேயாவுக்கு ஆயர் அலெக்சாண்டரோடு வந்தவர் இளம் தியாக்கோன் அத்தனாசியார். 328-ஆம் ஆண்டு அவரே அலெக்சாந்திரியாவின் ஆயரானார். அரசர்கள் ஆரியுஸின் பக்கம் சாய்ந்தபோது அவர் சாயவில்லை. ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். தம் ஆயர் பணிக் காலத்தில் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளை ஊரை விட்டு அகன்றே கழித்தார். 373-இல் இறக்கும்வரை அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வாதம் ஒன்று உண்டு. படைக்கப்பட்டவர் ஒருவர் படைக்கப்பட்ட மற்றவர்களைக் கடவுளோடு சேர்த்து வைக்க முடியாது. ஏனெனில் அவரையே யாராவது சேர்த்து வைக்க வேண்டியிருக்கும்.

ஊருக்கு வெளியே உள்ள ஒரு பாழுங்கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் ஒருவன் தவறி விழுந்து கால் முறிந்து கிடக்கிறான். அவனைப் போலவே உள்ளே விழுந்து கிடக்கும் இன்னொருவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவனைக் கரையேற்ற முடியாது; அவனே கரையேற வேண்டியவன். மேலே நிற்பவர்கள் ‘ஏறி வா’ என்று புத்தி சொன்னாலும் பயனில்லை. ஏற அவனுக்குக் கால் இல்லை. வெறும் கயிற்றை விட்டெறிந்தாலும் அதைப் பற்றிக்கொள்ள வலுவில்லை. ஒருவர் கீழே இறங்க வேண்டும். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை மேலே அசையாத மரத்தில் கட்டியிருக்க வேண்டும். அவர் கால் கிணற்றின் அடிவரை, விழுந்தவன் கிடக்கும் சேறுவரை வந்து சேர வேண்டும். மேல்முனை மரத்தை எட்டாவிட்டால் இருவரும் அழிவர். கீழ்முனை அடியை எட்டாவிட்டால் விழுந்தவன் அங்கேயே கிடப்பான்.

ஆரியுஸின் கொள்கையில் கயிற்றின் மேல்முனை மரத்தை எட்டவில்லை. அவர் காட்டிய மீட்பர் எவ்வளவு உயர்ந்தவரானாலும் கடவுள் அல்லர். ஆகவே அவரைப் பற்றிக்கொண்டாலும் நாம் கடவுளைச் சேர மாட்டோம். அவர் பெயரால் பெற்ற ஞானஸ்நானமும் ஒரு படைப்பின் பெயரால் பெற்றதாக முடியும். அவரை முழந்தாளிட்டு ஆராதிப்பது ஒரு படைப்பை ஆராதிப்பதாகும்.

இதை நம் அன்றாட வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம். ஊரில் பெருந்துன்பம் நேர்ந்தால் மேலதிகாரி ஓர் ஆளை அனுப்புவார். வந்தவர் பரிவோடு கேட்பார், தாளில் குறித்துக்கொள்வார், ‘மேலிடத்தில் சொல்லுகிறேன், அம்மா’ என்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மேலிடத்தின் மனம் என்ன என்பது அவருக்கே தெரியாது. நமக்கும் அந்த அச்சம் தீராது. மகன் படைக்கப்பட்டவர் என்றால் இயேசுவும் அப்படி வந்துபோன ஓர் ஆளே. தொழுநோயாளியைத் தொட்டதும், பாவியோடு பந்தியமர்ந்ததும், சிலுவையில் மன்னித்ததும் அந்த நல்ல ஆளின் குணம் என்றாகும். மேலே இருக்கும் கடவுளின் குணம் என்ன என்பது கடைசிவரை நமக்குத் தெரியாமலே போகும்.

நீசேயா சொல்லுகிறது: கடவுள் ஆள் அனுப்பவில்லை, தாமே வந்தார். தந்தை மகனை அனுப்பினார் என்று நற்செய்தி சொல்லுவது உண்மை. தந்தை மனிதர் ஆகவில்லை, மகனே மனிதரானார் என்பதும் உண்மை. ஆனால் அனுப்பப்பட்ட மகன் தந்தைக்கு வேற்றாள் அல்லர், ஒரே பொருளானவர். மகன் வந்த இடத்தில் வந்தவர் கடவுளே. இயேசுவின் முகத்துக்குப் பின்னால் வேறொரு முகம் கொண்ட கடவுள் ஒளிந்திருக்கவில்லை.

வேடம் அன்று

கயிற்றின் மேல்முனையைப் பார்த்தோம். கீழ்முனையையும் பார்க்க வேண்டும். கடவுள் வந்தார் சரி, அடிவரை வந்தாரா? மனிதரைப்போல் தோன்றினாரா, மனிதராகவே ஆனாரா? மெய்யாகவே மனிதர் ஆனார் என்றால், முழுமையாக ஆனாரா?

அப்பொல்லினாரியுஸ் என்னும் ஆயர், கிறிஸ்துவுக்கு மனித உடல் உண்டு, ஆனால் மனித அறிவாற்றல் உள்ள ஆன்மா இல்லை, அதன் இடத்தில் தெய்வீக வார்த்தையே இருந்தது என்று கற்பித்தார். புனித நசியான்சு கிரகோரியார் அதற்கு மறுமொழி கொடுத்தார். நம்முடையதில் எதைக் கிறிஸ்து ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகாமலே நின்றுவிடும் என்பது அவர் வாதம். நம் மனம் அல்லவா முதலில் நோய்ப்பட்டது? அதை அவர் ஏற்காவிட்டால் அதற்கு மருந்து ஏது? 381-ஆம் ஆண்டு முதலாம் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் அந்தக் கொள்கையை விலக்கியது. தூய ஆவியாரைப் பற்றிய விசுவாசத்தையும் தெளிவாக்கியது. ஞாயிறு திருப்பலியில் நாம் சொல்லும் நீண்ட பிரமாணம் இந்த இரு சங்கங்களின் பெயரையும் தாங்கியது. 431-இல் எபேசுச் சங்கம் மரியாவை இறைவனின் தாய் என்று அறிக்கையிட்டது. தாயின் பெருமையால் மகனின் உண்மை காக்கப்பட்டது. மரியா பெற்றெடுத்த பிள்ளை ஒருவரே, அவரே இறைமகன்.

தெருக்கூத்தில் இரவெல்லாம் அரசனாக நிற்பவர் விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துவிட்டுத் தம் வீட்டுக்குப் போய்விடுகிறார். இறைமகனின் மனிதத்தன்மை அப்படிப்பட்ட வேடம் அன்று. உயிர்த்தபின்னும் சீடர்களிடம் உண்ண ஏதாவது உண்டா என்று கேட்டு, மீன் துண்டை வாங்கி உண்டார். விண்ணேறியபோதும் மனிதத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லை. தந்தையின் வலப்பக்கத்தில் இப்போதும் ஆணித் தழும்புள்ள இரு மனிதக் கைகள் இருக்கின்றன. நம் இனத்தாரில் ஒருவர் அங்கே வீற்றிருக்கிறார்.

‘கடவுள் சாவாரா, சாமி?’ என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. தெய்வ இயல்பு சாகாது. ஆனால் மனித இயல்பை ஏற்றவர் இறைமகனே. சிலுவையில் அந்த மனித இயல்பில் வேதனைப்பட்டு இறந்தவரும் இறைமகனே. பாடுபட்டது யாரோ ஒருவர் அல்லர்.

நம் நாட்டுக்கு வந்து மயிலையில் உயிர்நீத்தார் என்று மரபு போற்றும் புனித தோமையாரை நினைத்துப் பாருங்கள். அவர் விரலுக்கு முன் இருந்தது மனிதனின் காயம். அவர் வாய் அறிக்கையிட்டது ஆண்டவரை, கடவுளை. இரண்டும் ஒருவரே என்று கண்டவர் அவர்.

அதே சொல், இரண்டாம் முறை

451-ஆம் ஆண்டு கல்செதோன் சங்கம் கூடியது. பெரிய லியோ என்னும் திருத்தந்தை எழுதி அனுப்பியிருந்த மடல் அங்கே வாசிக்கப்பட்டது. ஒரே ஆள், இரண்டு இயல்புகள். தெய்வ இயல்பும் மனித இயல்பும் ஒன்றோடொன்று கலந்து குழம்பவுமில்லை, பிரிந்து நிற்கவுமில்லை என்று சங்கம் அறிக்கையிட்டது.

அந்த அறிக்கையில் நாம் அதிகம் கவனியாத ஒரு செய்தி உண்டு. நீசேயா தந்தைக்கும் மகனுக்கும் சொன்ன அதே சொல்லைக் கல்செதோன் இரண்டு முறை சொன்னது. கிறிஸ்து தெய்வ இயல்பில் தந்தையோடு ஒரே பொருளானவர். மனித இயல்பில் நம்மோடும் ஒரே பொருளானவர். கயிற்றின் இரு முனைகளும் ஒரே சொல்லால் முடிச்சிடப்பட்டன. மேல்முடிச்சு நம் நம்பிக்கை. கீழ்முடிச்சு நம் கடமை. இவ்விரண்டும் நம் பங்கின் வாழ்வில் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் மேல்முடிச்சு. நம்முள் பலர், தந்தை கோபக்காரர், இயேசு இரக்கமுள்ளவர், தந்தையின் கைக்குத் தப்ப இயேசுவிடம் ஓட வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் அப்பாவுக்குப் பயந்து அம்மாவின் சேலைக்குள் ஒளியும் பிள்ளையின் எண்ணம் இது. நீசேயாவின் சொல் இதற்கு இடம் தருவதில்லை. மகனின் இரக்கமே தந்தையின் இரக்கம். பாவத்தை வெறுப்பதிலும் பாவியைத் தேடுவதிலும் இருவருக்கும் ஒரே மனம்.

ஆகவே நேர்ச்சையைக் கையூட்டு என்று நினையாதீர்கள். நன்றியாகச் செய்தால் அது அழகு. கடவுளின் மனத்தை மாற்றக் கொடுக்கும் விலை என்றால் அது அவரை அவமதிப்பது. மீட்பு நாம் உழைத்துப் பெற்ற சம்பளம் அன்று. அருளால் வந்த கொடை. நம் நற்செயல்கள் அக்கொடையின் கனிகள். 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து கையெழுத்திட்ட அறிக்கையும் இந்த உண்மையைச் சொல்லுகிறது.

ஒரு தாய் நம்மிடம் வந்தார். பிறந்த அன்றே அவர் குழந்தை இறந்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ‘என் பிள்ளைக்கு மோட்சம் இல்லை என்று வீட்டில் சொல்லுகிறார்களே, சாமி, மெய்தானா?’ என்று கேட்டார். பழைய நாட்களில் இத்தகைய குழந்தைகளை மந்திரித்த கல்லறைக்கு வெளியே புதைத்த வழக்கம் உண்டு. அந்த நினைவு நம் குடும்பங்களில் இன்னும் ஆறாத புண்ணாக இருக்கிறது. ‘லிம்போ’ என்ற கருத்தை மறைநூல் அறிஞர்கள் சொன்னதுண்டு. திருச்சபை அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கச் சொல்லுகிறது. 2007-இல் அனைத்துலக இறையியல் குழு இவர்களின் மீட்பை நம்பிக்கையோடு எதிர்நோக்கக் காரணங்கள் உண்டு என்று விரிவாக எழுதியது. ஞானஸ்நானத்தைத் தாமதிக்கலாம் என்று இதற்குப் பொருள் அன்று. பிறந்த பிள்ளைக்குக் காலத்தில் திருமுழுக்குத் தருவது பெற்றோரின் கடமையே.

அந்தத் தாயிடம் நாம் சொன்னது இதுதான்: ‘அம்மா, உங்கள் பிள்ளை யார் கையில் இருக்கிறது? குழந்தைகளைத் தடுக்காதீர்கள் என்று சீடர்களைக் கடிந்துகொண்டாரே, அவர் கையில். அவருக்கு மேலே வேறு மனம் கொண்ட வேறொரு கடவுள் இல்லை.’ அந்த அம்மாவுக்கு நீசேயா என்ற ஊர்ப்பெயர் தெரியாது. ஆனால் அவர் கண்ணீரைத் துடைக்க நம்மிடம் இருந்தது நீசேயாவின் அந்த ஒரு சொல்லே. இயேசு கடவுளுக்கு ஒரு படி தாழ்ந்தவரானால், அவரிடம் நாம் சொல்லக் கூடியது ஒன்றுமில்லை.

நம் தேரின் வடம் பிடிக்க வரும் பிற சமயச் சகோதரரைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதிருந்தும், கடவுளை நேர்மையான உள்ளத்தோடு தேடி, மனச்சான்றின் வழி அருளின் துணையால் நடக்க முயல்வோர் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் போதித்தது. அவர்களுக்கும் மீட்பர் கிறிஸ்து ஒருவரே. அவருடைய கை நம் கண்ணுக்குத் தெரியாத தூரமும் நீளும்.

அடுத்துக் கீழ்முடிச்சு. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த உரை பாதியில் நின்றுவிடும். கிறிஸ்து நம்மோடு ஒரே பொருளானவர் என்றால், ‘நம்மோடு’ என்பதில் யார் யார் அடக்கம்? அவர் ஏற்றது ஒரே மனித இயல்பு. மேல்தெருவுக்கு ஒரு மனித இயல்பு, கீழ்த்தெருவுக்கு ஒன்று என்று இரண்டை அவர் ஏற்கவில்லை. கன்னிமரியாளின் வயிற்றில் அவர் எடுத்த சதையில் சாதி இல்லை. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சாதிக்காகச் சுவர் எழுப்பியதுண்டு. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்களை மண்ணுக்குள்ளும் பிரித்து வைத்த சுவர் அது. ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணத்தை வாயால் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை அப்படிப்பட்ட சுவருக்குக் கல் சுமப்பவர் அப்பிரமாணத்தை மறுதலிக்கிறார். ஆரியுஸ் கிறிஸ்துவைத் தந்தையிடமிருந்து பிரித்தார். சாதி பார்ப்பவர் கிறிஸ்துவை அவர் ஏற்றுக்கொண்ட மனிதரிடமிருந்து பிரிக்கிறார். முன்னது விசுவாசக் கேடு என்றால் பின்னது என்ன? நம் பொன்விழாத் தேர் எந்தத் தெருவில் நுழையும், எந்தத் தெருவில் நுழையாது என்று பேசுவோர் இருந்தால், அவர்கள் இக்கேள்விக்கு முதலில் விடை சொல்லட்டும்.

ஒரு சிறு வேண்டுகோள்

அன்பார்ந்தவர்களே, பொன்விழாவுக்குக் கோபுரத்துக்கு வண்ணம் பூசினோம், கொடிமரத்தைப் புதுப்பித்தோம். நல்லது. இன்னொன்றையும் புதுப்பிப்போம். வரும் ஞாயிறு முதல் விசுவாசப் பிரமாணத்தை நிறுத்தி, நிதானமாகச் சொல்வோம். இறைமகன் நமக்காக இறங்கி வந்து, தூய ஆவியால் கன்னிமரியாளிடம் உடலெடுத்ததைச் சொல்லும் இடத்தில் எல்லாரும் தலைவணங்க வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. கிறிஸ்து பிறப்பு விழாவிலும், மார்ச் 25-இல் வரும் மங்கள வார்த்தைத் திருநாளிலும் அவ்விடத்தில் முழந்தாளிடுகிறோம். தலை வணங்கும் அந்த ஒரு கணத்தில், ஆள் அனுப்பாமல் தாமே வந்தார் என்பதை நினைப்போம். தலை நிமிரும்போது பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்போம். அவர் எந்தத் தெருக்காரராயினும், இறைமகன் ஏற்றுக்கொண்ட இயல்பு அவருடையதே.

மனிதராகிய நம்மைத் தம் வாழ்வில் பங்குகொள்ள அழைத்த மூவொரு கடவுள் நம் பங்கையும், நம் குடும்பங்களையும், நமக்கு முன் விசுவாசத்தில் துயில்கொண்டோரையும் நிறைவாய் ஆசீர்வதிப்பாராக. தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே. ஆமென்.